மக்கள் விரும்பிய பெண்கள்

2021 மே 11 அன்று கே.ஆர். கௌரியம்மா 101 வயதில் காலமானார். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சராக இருந்து நிலச்சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தவர் அவர். சரியாக ஒரு வாரம் கழித்து, மே 18 அன்று, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தன் புதிய அமைச்சர்களின் பட்டியலை அறிவித்தது. ஐந்து ஆண்டுகள் சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. சைலஜாவின் பெயர் அதில் இல்லை. மட்டன்னூர் தொகுதியில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்று வந்திருந்தார் அவர். கேரளச் சட்டமன்றத் தேர்தல்களில் அதுவரை யாரும் தொடாத வித்தியாசம் அது. முதலமைச்சர் பினராயி விஜயன் தர்மடத்தில் பெற்றதைவிடவும் சுமார் பத்தாயிரம் அதிகம்.

அந்த நாட்களில் பலருக்கும் 1987 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராக ஒலித்த இடதுசாரி முழக்கம், இனிக் கேரளத்தை ஆளப்போவது கௌரிதான் என்பது. கூட்டணி வென்றது. முதலமைச்சரானவர் இ.கே. நாயனார். கௌரிக்குத் தொழில்துறை கிடைத்தது. ஏழு ஆண்டுகளில் அவர் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

இந்த இரண்டு பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வந்துவிடுகிறது: "மக்கள் செல்வாக்கு வேறு, உயர்ந்த பொறுப்புக்கான தகுதி வேறு." இதைச் சொல்பவர்கள் எல்லோரும் பெண்களை வெறுப்பவர்கள் அல்ல. அதனால் இந்தப் பதிலை ஒதுக்கிவிடாமல் எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். சொந்த மண்ணில் ஒருவருக்கு இருக்கும் செல்வாக்கு, அவர் அடுத்த படிக்குத் தயாராகிவிட்டார் என்பதற்கு அடையாளமா?

பெண்ணியவாதிகளான நமக்கு இந்தக் கேள்வியில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆம், செல்வாக்கே போதும் என்று சைலஜாவுக்காகச் சொன்னால், திரையில் பார்த்த முகத்துக்காகக் கூடும் கூட்டத்தையும், பெரும்பான்மையின் கோபத்தைத் தூண்டிச் சேர்த்த ஓட்டையும் அதே வாயால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இல்லை, செல்வாக்கு எதையும் காட்டாது என்று சொன்னால், தகுதியை அளக்கும் வேலை ஒரு மூடிய அறைக்குப் போய்விடும். அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

'தகுதி' என்ற சொல்லே நம்மை எச்சரிக்க வேண்டும். இடஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் 'தகுதி, திறமை' என்று சொல்லித்தான் கதவை மூடிவைத்தார்கள். யார் அளக்கிறார்கள், எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அந்த வரலாறு. திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று ஆளைச் சோதித்து வேலை கொடுப்பது பற்றியே இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கும் கண் அரசனுடையது. மக்களாட்சியில் அந்தக் கண் நம்முடையது என்கிறோம். அப்படியானால், நாம் பார்த்துச் சொன்னதற்கு என்ன மதிப்பு?

என் மாணவிகளிடம் இதை நான் ஒரு கைராசி டாக்டரை வைத்து விளக்குவதுண்டு. ஊரில் ஒருவருக்கு அப்படிப் பெயர் இருக்கிறது. அவரிடம் போனால் காய்ச்சல் நிற்கிறது, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார், தேவையில்லாத டெஸ்ட் எழுதுவதில்லை. இது நோயாளிகளின் சாட்சி. பொய்யல்ல. அவரை ஆயிரம் படுக்கை உள்ள அரசு மருத்துவமனைக்கு டீனாக்கலாமா என்று கேட்டால், நோயாளிகளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? அவர் மருந்து கொள்முதல் செய்ததையோ, டியூட்டி போட்டதையோ, கீழே வேலை செய்பவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையோ அவர்கள் பார்த்ததில்லை. அதைப் பார்த்திருப்பவர்கள் அவருடைய நர்சுகள்.

செல்வாக்கு என்பது சாட்சி, சான்றிதழ் அல்ல. சாட்சியை அப்படியே நம்பவும் கூடாது, அப்படியே தள்ளவும் கூடாது. குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். யார் சொல்கிறார்கள், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள், எது அவர்கள் கண்ணுக்குப் படவில்லை என்று கேட்க வேண்டும்.

சைலஜாவுக்குக் கிடைத்த சாட்சியை அப்படி விசாரிப்போம். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா வந்தது. தடுப்பூசியும் இல்லை, குறிப்பிட்ட மருந்தும் இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 17 உயிர்கள் போயின. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பட்டியலிட்டு, தனிமைப்படுத்தி, தினமும் கண்காணித்து அந்தத் தொற்றை அங்கேயே நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதிசெய்யப்பட்டபோது, கேரளத்துக்கு அந்தப் பழக்கம் கைவசம் இருந்தது. பீதி கிளம்பிய நேரத்தில் அமைச்சர் நேரில் வந்து நின்றதை மக்கள் பார்த்தார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அவர்கள் சாட்சி சொன்னது இதற்குத்தான். ஒரு அரசு, நெருக்கடியில் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான சாட்சி இது, சின்ன விஷயமல்ல.

அவர்கள் பார்க்காததும் உண்டு. கொரோனா தொடங்கிய வாரங்களில் கேரள மருத்துவச் சேவைக் கழகம் பாதுகாப்பு உடைகளை வழக்கமான விலையைப்போல் சுமார் மூன்று மடங்கு கொடுத்து வாங்கியது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, இதனால் ரூ.10.23 கோடி கூடுதல் செலவானது என்று குறிப்பிட்டது. சந்தையில் எங்குமே கிடைக்காத நேரத்தில், மருத்துவப் பணியாளர்களைக் காப்பாற்ற அவசரமாக வாங்கினோம் என்பது சைலஜாவின் விளக்கம். அது ஏற்கத்தக்க விளக்கமாகவே இருக்கலாம். ஆனால் மட்டன்னூரில் ஓட்டுப் போட்ட பெண்ணுக்கு இந்தக் கணக்கு தெரிய வழியில்லை. அவர் ஓட்டு இதற்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

நர்சுகளின் சாட்சி என்றேனே, அதையும் மறக்கக் கூடாது. நிபாவிலும் கொரோனாவிலும் வீடு வீடாகப் போனவர்கள் ஆஷா பணியாளர்கள். அரசின் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் அல்ல, தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான். சைலஜா அமைச்சராக இருந்தபோதும் அந்த நிலை அடிப்படையில் மாறவில்லை. 2025இல் அவர்கள் மதிப்பூதிய உயர்வு கேட்டுத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு தலைவரின் புகழுக்கு அடியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை, நமக்குப் பிடித்த பெண் தலைவர் என்பதற்காக நாம் விட்டுவிட முடியாது.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். அரசில் கொடுக்கும் துறைகளும் உண்டு, மறுக்கும் துறைகளும் உண்டு. சுகாதாரம், சமூக நலம், குழந்தைகள் நலம் எல்லாம் கொடுக்கும் துறைகள். நிதி, காவல், வருவாய் ஆகியவற்றில் தினமும் யாருக்காவது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். முதலமைச்சர் நாற்காலியில் பாதி வேலை மறுப்பதுதான். பெண் அமைச்சர்களுக்கு எந்தத் துறைகள் ஒதுக்கப்படுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் நாம் செய்வதாகக் கருதப்படும் வேலைகளின் அரசாங்க வடிவம்தான் பெரும்பாலும் நம் கைக்கு வரும். பிறகு, 'உங்களுக்குக் கடினமான துறைகளில் அனுபவம் இல்லையே' என்று சொல்வார்கள். வண்டியைத் தொடவிடாமல் லைசென்ஸ் கேட்பது இது.

கௌரியின் கதை இந்த இடத்தில் வேறு. அவருக்கு முதலில் கிடைத்ததே மறுக்கும் துறை. 1957இல் பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், குத்தகை விவசாயிகளையும் குடியிருப்பவர்களையும் வெளியேற்றக் கூடாது என்ற அவசரச் சட்டம் வந்தது. அடுத்து வந்த விவசாய உறவுகள் மசோதா நிலவுடைமையாளர்களின் பகையைச் சம்பாதித்தது. 1959இல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டதற்கு அந்தப் பகையும் ஒரு காரணம். கௌரிக்குச் செல்வாக்கு வந்தது, சிலரிடமிருந்து எடுத்துப் பலருக்குக் கொடுத்ததால். 1987க்குள் வருவாய் முதல் விவசாயம் வரை பல துறைகளை முப்பது ஆண்டு இடைவெளியில் பார்த்துவிட்டார். 'அனுபவம் போதாது' என்ற வாதம் அவரிடம் செல்லாது. நாயனார் ஏற்கனவே ஒருமுறை முதல்வராக இருந்தவர் என்பது உண்மைதான். ஆனால் முதல்வராக இருந்தவர்தான் முதல்வராகலாம் என்றால் எந்தப் பெண்ணும் முதல்முறை ஆகவே முடியாது.

கௌரியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவருடைய வெற்றிகளைவிட ஒரு தோல்வி அதிகம் சொல்கிறது. ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திரும்பக் கொடுக்க 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது, நிறைவேற்றாமலே வைத்திருந்தது. 1990களில் அந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் வந்தபோது, ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து நின்றன. குடியேறிய விவசாயிகளின் ஓட்டு இரண்டு பக்கத்துக்கும் வேண்டும். 140 பேர் கொண்ட அவையில் எதிர்த்து வாக்களித்தவர் கௌரி ஒருவர்தான்.

செல்வாக்கைப் பற்றி நான் கேட்க விரும்பும் முதன்மையான கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. ஒருவர் எவ்வளவு செல்வாக்கைச் சேர்த்தார் என்பது பாதிக் கதை. சேர்த்ததை எதற்குச் செலவழித்தார் என்பது மீதி. உயர்ந்த பதவி என்பது நிறைய பேரை ஏமாற்றமடையச் செய்ய வேண்டிய இடம். தன்னை விரும்பும் மக்களிடமே ஒருமுறையாவது, யாருடைய குரல் கேட்கவில்லையோ அவர்களுக்காக, 'இல்லை' என்று சொன்னவர் அந்த இடத்துக்குத் தயாராக இருக்கிறார். ஒருபோதும் சொல்லாதவரைப் பற்றி நமக்கு இன்னும் தெரியாது என்றே அர்த்தம்.

இதே உரைகல்லில் சைலஜாவை உரசினால் பதில் எளிதாகக் கிடைப்பதில்லை. 2021இல் அவரை மீண்டும் அமைச்சராக்கக் கோரி சமூக ஊடகங்களில் பெரிய குரல் எழுந்தது. அவர் கட்சி முடிவை ஏற்றுக்கொண்டார். கொறடா பொறுப்பை வாங்கிக்கொண்டார். 2022இல் மகசேசே விருதும் தேடி வந்தது. கூட்டாகச் செய்த வேலைக்குத் தனியாளாக விருது வாங்குவது சரியல்ல என்று மறுத்தார். அந்த விருதின் கம்யூனிச எதிர்ப்பு வரலாறும் கட்சியின் காரணங்களில் ஒன்று. இதைக் கட்டுப்பாடு என்பதா, பணிவு என்பதா? சொன்னதைக் கேட்டு அமைதியாக இருக்கும்படி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் ஒரு பெண்ணின் அமைதியைக் கண்டால் நமக்கு உடனே வலிக்கிறது. ஆனால் அதே அமைதியை ஒரு ஆண் தோழரிடம் கண்டால் 'கொள்கைப் பிடிப்பு' என்று பெயர் வைத்திருப்போம் இல்லையா? தனக்காகத் தன் செல்வாக்கைச் செலவழிக்க அவர் மறுத்தார் என்று படிக்கவும் இடமிருக்கிறது. அவர் மனதை நான் படிக்க முடியாது. கட்சியின் செயலைப் படிக்கலாம்.

கட்சி சொன்ன காரணம், எல்லோரும் புதுமுகங்கள் என்பது. அது ஒரு நேர்மையான கொள்கையாக இருக்க முடியும். தனிமனித வழிபாட்டைத் தடுக்கும் கொள்கைதான். ஆனால் அதிலிருந்து ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுக்கப்பட்டது, அவர் முதலமைச்சர். ஒரு தனிமனிதரின் தலைமைக்காக மக்கள் வாக்களித்தார்கள் என்று அவர் விஷயத்தில் ஏற்றுக்கொண்டால், சைலஜா விஷயத்தில் மட்டும் ஏன் அது கூட்டு உழைப்பாகிவிடுகிறது? கூட்டு உழைப்பு என்ற வாதம் சரியானது. அதை ஒரு திசையில் மட்டும் பயன்படுத்தியதில்தான் பிசகு.

ஆண்களுக்கும் இப்படி நடந்ததில்லையா என்று கேட்கலாம். நடந்தது. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தனுக்கு அதே கட்சி முதலில் சீட்டே கொடுக்கவில்லை. தொண்டர்கள் தெருவில் இறங்கினார்கள், முடிவு மாறியது, அவர் முதல்வரானார். அவருக்காக எழுந்த குரல் தேர்தலுக்கு முன்பு எழுந்தது, சைலஜாவுக்காக எழுந்த குரல் ஓட்டு எண்ணி முடித்த பிறகு எழுந்தது என்ற வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். கட்சிகள் செல்வாக்கை மதிப்பது அது தேவைப்படும் நாள்வரைதான். பெண்களின் செல்வாக்கு தேர்தல் மேடையில் கூட்டம் சேர்க்கும், பதவியேற்பு மேடையில் இடம் பிடிக்காது என்பதற்கு 1987, 2021 இரண்டுமே உதாரணங்கள்.

செல்வாக்கைக் குறிக்கும் சொற்களையும் கவனியுங்கள். அவர் 'சைலஜா டீச்சர்'. மேற்கு வங்கத்தில் தீதி, உத்தரப்பிரதேசத்தில் பெஹன்ஜி, இங்கே அம்மா. அன்பான பெயர்கள்தாம். ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு நிர்வாகியின் திறமையை வீட்டுப் பெண்ணின் குணமாக மாற்றிவிடுகின்றன. அக்காவும் அம்மாவும் டீச்சரும் வீட்டையும் வகுப்பறையையும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்; வெளியுலகம் வேறு என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 2020 ஜூனில், கேரள காங்கிரஸ் தலைவராக இருந்த முல்லப்பள்ளி ராமச்சந்திரன், சைலஜா 'நிபா ராஜகுமாரி', 'கோவிட் ராணி' பட்டங்களுக்கு ஆசைப்படுகிறார் என்று கேலி பேசினார். ஒரு ஆண் அமைச்சர் இதே வேலையைச் செய்திருந்தால் அவரை யாரும் இளவரசன் என்று நக்கலடித்திருக்க மாட்டார்கள். 'அடுத்த முதல்வர்' என்றிருப்பார்கள்.

விரும்பியவர்களுக்கும் இதே கதி. எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்ட பெண்கள் 'முகத்தைப் பார்த்துப் போட்டவர்கள்', ஜெயலலிதாவுக்குப் போட்டவர்கள் 'மிக்ஸி கிரைண்டருக்குப் போட்டவர்கள்'. தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் 1992இல் வந்த மகளிர் காவல் நிலையத்தையும் எடைபோட்டு ஒரு பெண் தன் ஓட்டைத் தீர்மானித்திருக்கலாம் என்று இந்தப் பேச்சுகள் ஒருநாளும் நினைப்பதில்லை. பெண்களின் சாட்சி என்றாலே உணர்ச்சி. ஆண்களின் சாட்சி என்றால் அரசியல்.

அதற்காக ஜெயலலிதாவின் செல்வாக்கை நாம் விசாரிக்காமல் விட முடியாது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மோடியா, லேடியா என்று அவரே கேட்டார். தமிழ்நாடு 39இல் 37 இடங்களைக் கொடுத்தது. சொந்த மண்ணில் அதைவிடப் பெரிய சாட்சி கிடைப்பது அரிது. அதே ஆண்டு செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2003இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தவரும் அவர்தான். கட்சிக்குள் மாற்றுக் கருத்து சொல்ல ஒருவர்கூட இல்லை. காலில் விழத்தான் வரிசை இருந்தது. இந்தியாவை ஆளும் தகுதியைப் பற்றிக் கேட்டால், அந்த வரிசையும் ஒரு சாட்சிதான். பெண் என்பதால் அவரைக் கடுமையாக அளந்தார்கள் என்பதும் உண்மை; அளக்க வேண்டியவை இருந்தன என்பதும் உண்மை.

அந்தத் தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவருக்கும் இதே கோல்தான். 2002, 2007, 2012 என்று குஜராத்தில் மூன்று முறை தொடர்ந்து வென்றதே நரேந்திர மோடி நாட்டை ஆளத் தயார் என்பதற்கான ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. 2002இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மாநிலம் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நீதிமன்றங்கள் அவர்மேல் குற்றம் காணவில்லை. நான் பேசுவது வழக்கைப் பற்றியல்ல, சாட்சியைப் பற்றி. முகாம்களுக்குப் போன பெண்களின் சாட்சி அந்த வெற்றி எண்களில் எங்கே இருக்கிறது? பெரும்பான்மை தரும் செல்வாக்கு, சிறுபான்மையாக அவருக்குக் கீழ் வாழ்வது எப்படி என்று சொல்லாது. ஆனால் இன்னும் பெரிய நிலப்பரப்பை ஒருவரிடம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

2024இல் சைலஜா வடகரை நாடாளுமன்றத் தொகுதியில் போட்டியிட்டு ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 'பார்த்தீர்களா, செல்வாக்கெல்லாம் அவ்வளவுதான்' என்றார்கள். கேரளத்தின் 20 இடங்களில் 18ஐ காங்கிரஸ் கூட்டணி வென்ற தேர்தல் அது. டெல்லியில் யார் அமர வேண்டும் என்ற கேள்விக்கு மக்கள் பதில் சொன்னார்கள். சைலஜா நிபாவை எப்படிக் கையாண்டார் என்ற கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. 60,963 அவருடைய தகுதியை நிரூபிக்கவில்லை என்றால், இந்தத் தோல்வியும் தகுதியின்மையை நிரூபிக்காது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் நியாயம்.

அப்படியானால் நாம் எதைக் கேட்க வேண்டும்? விரும்பப்படும் பெண்ணுக்கு நாற்காலி என்பதல்ல என் கோரிக்கை. நாற்காலி கொடுக்கும்போதும் மறுக்கும்போதும் காரணத்தை வெளியில் சொல்லுங்கள் என்பதுதான். அந்தக் காரணத்தை நாங்கள் விசாரிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஆணுக்கும் அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மக்கள் செல்வாக்கு குறைபாடுள்ள சாட்சிதான். ஆனாலும் அது திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்படும் சாட்சி. கட்சிக் குழுவின் 'தகுதி' எந்தக் குறுக்கு விசாரணைக்கும் வராத சாட்சி. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றால் நான் முதலாவதிலிருந்துதான் தொடங்குவேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றியோ, ஒரு மேயரைப் பற்றியோ, ஒரு அமைச்சரைப் பற்றியோ 'மேலே போகலாமா' என்ற பேச்சு வந்தால் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கீழே வேலை செய்த பெண்கள் என்ன சொல்கிறார்கள்? அவருக்கு ஓட்டுப் போடாத தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்ததா? தன் ஆட்களிடம் எப்போதாவது 'முடியாது' என்றாரா, யாருக்காக? கேரளத்தில் 1957 முதல் 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் ஒரு பெண் முதல்வராகவில்லை. 2021இல் வென்ற 140 பேரில் பெண்கள் 11 பேர். இந்தக் கேள்விகளை அந்த 129 ஆண்களிடமும் யாராவது கேட்டிருந்தால், எத்தனை பேர் தயாராக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.